கங்காணி கூட்டி வந்தவள்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் சூரியநெல்லிக்குப் போய் விசாரிக்கட்டும். அதற்கும் துப்பில்லாதவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும்.

1927, ஆடி மாதம். மாலை நாலே கால். மூடுபனி இறங்கிவிட்டது. தேயிலைக் கொழுந்து நிறுக்க எல்லோரும் வந்தாயிற்று, மாரித்தாய் மட்டும் வரவில்லை. கூலிகளின் வரிசை வீடான லயத்தில் அவளுடைய நாற்பது நாள் பிள்ளை பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் சின்னமுத்து தகர டின்னைத் தூக்கினான். மலையில் தொலைந்தவர்களை டின் தட்டித்தான் தேடுவார்கள். மேட்டிலிருக்கிற முனியறைப் பக்கம் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார்கள்; கூப்பிட்டால் அந்தப் பேருக்கு வேறு எதுவோ பதில் கொடுக்குமாம்.

"பேரை மட்டும் சொல்லிராதீக, ஐயா."

"தூ! பயந்தாங்கொள்ளிப் பயலே! நீ ஓடைப் பக்கம் போய்த் தட்டுலே. மேட்டுக்கு நான் போறேன்."

சொன்னவன், கூலிகளை மேய்க்கிற கங்காணி கருத்தப்பாண்டி. தன் சட்டைப்பைக் கடிகாரத்தைத் தவிர உலகத்தில் எதையும் மதிக்காத ஜென்மம்.

சரியாக ஐந்து மணிக்கு மேட்டை அடைந்தான். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் போட்டு மூடிய பழங்காலக் கல்லறைகள். அவைதான் முனியறைகள். செத்தவனுக்குக் கல்வீடு ஒரு கேடா என்று காறித் துப்பினான். பிறகு காலையில் பேர் வாசிக்கிற அதே அதட்டலோடு கூப்பிட்டான்.

"மாரித்தாய்!"

"சாமி..."

கடைசி முனியறைக்குள்ளிருந்து வந்தது குரல்.

"உள்ள என்னட்டி தூக்கம்? புள்ள கத்துது, வா!"

திரும்பி நடந்தான். கூலிக்காரியை நின்று பார்ப்பானா கங்காணி! பின்னால் ஈரக்கால் சத்தம். சளக்... சளக்...

மாரித்தாய் எந்நேரமும் இருமுகிறவள். இறக்கம் முழுக்க ஒரு இருமல்கூட இல்லை. மூச்சும் இரைக்கவில்லை. கங்காணிக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

ஐந்து நாற்பது. லயத்தில் ஒரு ஆள் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவளும் தேடப் போயிருந்தாள்.

"உள்ள போ," என்றான், முகத்தைத் திருப்பாமலே.

கதவு கிரீச்சிட்டது. அழுகை நின்றது.

சப்... சப்... பால் குடிக்கிற சத்தம்.

"பேயாம், பேய்! மடப்பசங்க!" வாசலிலேயே நின்று பீடியைப் பற்றவைத்தான்.

ஐந்து ஐம்பத்திரண்டு.

டங்... டங்...

ஓடைப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். சின்னமுத்துவின் தோளில் ஒரு பெண். கால் ஒடிந்திருந்தது.

இருமினாள்.

மாரித்தாய்.

"ஐயா... எம் புள்ளைக்கு யாராச்சும் பால் குடுத்தாகளா?"

பீடி கீழே விழுந்தது.

கதவைத் தள்ளினார்கள். யாரும் இல்லை. பிள்ளை வயிறு புடைக்கத் தூங்கியது. உதட்டோரம் பால்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பெற்றவள் மார்பில் வாய் வைக்கவே இல்லை. மாரித்தாய் அழுது ஓய்ந்ததுதான் மிச்சம். ஆனாலும் கொழுகொழுவென்று வளர்ந்தது.

தினமும் மாலை ஐந்து நாற்பதுக்கு, தொட்டிலில் தனியாகக் கிடந்தபடியே...

சப்... சப்...