குவைத் பிளக்கும் எங்கள் வீட்டுச் சுவரும்

ஸ்டெல்லாக்கா... நீ இல்லாத வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வாராவாரம் இந்த இடத்தில் எதையாவது சொல்லி உங்களைச் சிரிக்க வைப்பேன். இந்த வாரம் மன்னித்துவிடுங்கள். என் அக்கா போய்விட்டாள். குவைத்தில் வீட்டு வேலை பார்த்தவள். லீவில் வந்த இடத்தில் மஞ்சள் காமாலை. மச்சானும் அங்கேதான் டிரைவர். அவர் கொச்சியில் இறங்கி, குமுளி வழியாக கூடலூர் வந்து சேர மறுநாள் ஆகும். அதுவரை அவளை வைத்திருக்க வேண்டும்.

ஐஸ் பெட்டி வந்தது. அதன் பிளக்கில் தடித்தடியாக மூன்று கம்பி. எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதெல்லாம் சின்ன ஓட்டை.

"பதினஞ்சு ஆம்ஸ் பாயிண்ட் இல்லையா?" என்றார் பெட்டிக்காரர்.

"ஒயர அத்து, தீக்குச்சி வச்சுச் சொருகுங்கலே" என்றார் சித்தப்பா.

"அப்படிச் சொருகுனா இன்னொரு பெட்டி வேணும். நான் ஒண்ணுதான் கொண்டாந்திருக்கேன், பெரியவரே."

அப்போதுதான் அக்கா கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் போர்டு ஞாபகம் வந்தது. அங்கே அவள் ரூமில் பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி — அவள் சார்ஜருக்குத் தகட்டுக் கம்பி. அக்காவுடையது உருண்டைக் கம்பி. அதனால் எந்த நாட்டுப் பிளக்கையும் வாங்கிக்கொள்ளும் போர்டாகப் பார்த்து வாங்கியிருந்தாள். குவைத் பிளக் ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டி பியூஸ் இருக்குமாம். மேல் கம்பி நுழைந்தால்தான் கீழ் ஓட்டைகள் திறக்குமாம்.

"பச்சப்புள்ள குச்சிய விட்டாக்கூட ஒண்ணும் ஆகாதுடா" என்பாள்.

"நம்மூர்ல கரண்டே இருக்காது. அது அதவிட சேஃப்டி, அக்கா" என்பேன்.

ஓடிப்போய் சூட்கேஸிலிருந்து எடுத்து வந்தேன். எல்லா நாட்டையும் ஏற்றுக்கொள்ளும் போர்டு... அதன் சொந்த பிளக் மட்டும் குவைத்துச் சதுரக் கம்பி. எங்கள் சுவருக்குள் போகவில்லை.

கரண்ட் என்னவோ இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதானாம். ஓட்டையை மட்டும் ஏன் ஆளுக்கொரு மாதிரி போட்டு வைத்தார்கள்?

எதிர் பெட்டிக்கடை பாண்டியம்மா அத்தை குரல் கொடுத்தார். "ஏலே, இங்கன வா. பிரிட்ஜு பிளக்கப் பிடுங்கிட்டேன். பெரிய ஓட்டதான், இதுல மாட்டு."

"உள்ள பாலு, தயிரெல்லாம் இருக்கே அத்தை..."

"திரிஞ்சாத் திரிஞ்சிட்டுப் போகுது. அவ புருசன் வந்து பாக்கையில புள்ள மொகம் கெட்டிருக்கக் கூடாது."

ஐஸ் பெட்டிக்காரரின் நீள ஒயர் தெருவைத் தாண்டியது. பைக்கில் வந்தவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மச்சான் வந்தார். அவள் முகம் அப்படியே இருந்தது. பெட்டிக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"ஏ ஸ்டெல்லா... குளிருதாடி?"



கல்லறைக்குக் கிளம்ப வேண்டும். பிளக்கை யார் பிடுங்குவது? ஒருவரும் அசையவில்லை. நான்தான் கடைக்குள் போனேன். சுவிட்சை அணைத்துவிட்டுக் கை வைத்தேன். அக்கா அத்தனை ஜில்லென்று கிடக்க, பிளக் வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜெபமாலை தெரிந்தவர்கள் அவளுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். தெரியாதவர்கள், உங்கள் சாமியிடம் எங்கள் ஸ்டெல்லாக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.