கமலாக்காவின் ஆறு தோட்டாக்கள்

எங்கள் வட்டாரத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரே பெண் கமலாத்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி, எனக்குக் கமலாக்கா. கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போனால் அவளைக் கேட்காமல் நான் கத்தரிக்காய்கூட வாங்கமாட்டேன். அதனால் இந்தக் கதையில் நான் நடுநிலையாக இருப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவள் வீட்டுக்காரர் காளிச்சாமி அண்ணன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் வைத்திருந்த சின்ன ரிவால்வரைத் தன் பேருக்கு மாற்ற அக்கா ஒன்றரை வருடம் பாலக்காட்டுக்கு நடையாய் நடந்தாள். தென்னந்தோப்புக்கு நடுவில் ஒற்றை வீடு, அதில் அவள் ஒருத்தி. போன மாசியில் இரண்டு தோட்டம் தள்ளி முகமூடிக்காரர்கள் புகுந்து, வயதான புருஷன் பெண்டாட்டியைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது அவள் மகன் சந்துருவின் நச்சரிப்பு. அவனுக்குக் கோயமுத்தூரில் வேலை, வாடகை வீடு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"தோட்டத்தைக் குத்தகைக்கு உட்டுப்போட்டு எங்கூட வந்துருங்கம்மா."

"எம்பட கையில துப்பாக்கி இருக்குதில்ல?"

"இருந்து? உங்களுக்குச் சுடத் தெரியுங்களாம்மா?"

அது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. எனக்கும்தான். லைசென்ஸ்காரர்களுக்குப் போலீஸ் கேம்ப்பில் ஒரு நாள் பயிற்சி நடக்கவிருந்தது. அதை வைத்தே அக்கா பந்தயம் கட்டினாள்.

"ஆறு தோட்டா. அதுல நாலு, குறி அட்டையில உளுந்தா நான் இங்கதான், நீ வாயத் தொறக்கப்படாது. இல்லீன்னா அன்னைக்கே உம்பட ஊட்டுக்கு வந்தர்றேன்."

அவள் அந்த ரிவால்வரைத் துடைத்துத்தான் பார்த்திருக்கிறேன், சுட்டுப் பார்த்ததில்லை.

முதலில் தோட்டா வேண்டுமே. நாங்கள் கேரளத்து எல்லையோரம், வேலந்தாவளத்துப் பக்கம். கல்யாணச் சேலையோ, மோட்டார் பம்புக்குச் சாமானோ, மூட்டுவலி டாக்டரோ, எதுவானாலும் எல்லை தாண்டிக் கோயமுத்தூர்தான். செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம் என்பதே எங்களுக்கு ஞாபகம் இருக்காது. அந்தப் பழக்கத்தில் தோட்டாவுக்கும் கோயமுத்தூர் பஸ் ஏறினோம். யோசனை என்னுடையது. கடைக்காரர் லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மூடினார்.

"ஏனுங்கம்மா, இதுல கேரளாவுக்கு மட்டும்னு போட்டிருக்குதுங்களே. நான் ஒரு தோட்டாகூடத் தரப்படாதுங்க. நல்லவேளை, துப்பாக்கியக் கொண்டுக்கிட்டு வரல நீங்க. செக்போஸ்ட்ல புடிச்சா லைசென்ஸே போயிருமுங்க."

திரும்பும் பஸ்ஸில் அக்கா என்னை விட்டுத் தள்ளி முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் பாலக்காட்டுக் கடை. உரிமையாளர் சகாயம் பொறுமைசாலி. ரிவால்வரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், முத்திரையைப் படித்தார், பிறகு இரண்டு பெட்டிகளை முன்னால் வைத்தார்.

"ரெண்டும் ஒரே அளவுதான். இது கனமான குண்டு. மெதுவாப் போகும், சத்தம் கம்மி, ஆனா கைய நல்லா உதைக்கும். இது லேசான குண்டு, உள்ள அழுத்தம் அதிகம். சீறிக்கிட்டுப் போகும். கையில உதை கொஞ்சம் கம்மி. ஆனா சத்தமும் நெருப்பும் பயங்கரம். பழைய துப்பாக்கியா இருந்தா இதைக் கண்ணுலயே காட்டமாட்டேன். உங்களுது தாங்கும், இந்த அழுத்தத்துக்குச் சோதிச்ச முத்திரை இருக்கு."

அக்காவின் வலது மணிக்கட்டு போன வருடம் கிணற்றடியில் வழுக்கி முறிந்து கூடியது. உதை என்றால் ஆகாது. சந்துருவுக்குப் போன் போட்டோம். "சத்தம் கம்மியானதே வாங்குங்கம்மா, நீங்க பயந்துக்குவீங்க" என்றான். சகாயமும் அதையே சொன்னார். "சத்தத்துல எல்லாரும் கண்ணை மூடிடறாங்கம்மா. கண்ணை மூடினா குண்டு எங்க போகும்னு சாமிக்குத்தான் தெரியும்."

நானும் விடவில்லை. "அக்கா, சொல்றதைக் கேளுங்க."

"வெடிச் சத்தத்துக்கு நானா பயப்படறது?" என்று அக்கா லேசான குண்டுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சொல்பேச்சுக் கேட்காத ஜென்மம் என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பயிற்சியன்று காலை பத்து மணி. மண்மேட்டுக்கு முன்னால் அட்டை, முப்பதடி தள்ளிச் சுடுகிறவர்கள், பின்னால் ஓரமாகச் சந்துருவும் நானும். அக்காவுக்கு முன் நான்கு ஆண்கள் சுட்டார்கள். மீசையெல்லாம் பெரிது. வெடித்த ஒவ்வொரு தடவையும் கண்கள் இறுக மூடின. ஒருவருக்கும் மூன்றுக்கு மேல் விழவில்லை.

அக்கா காதை அடைத்துக்கொண்டு நின்றாள். முதல் தோட்டா.

அப்பப்பா, அந்தச் சத்தம்! நான் குனிந்தே விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அட்டையில் ஒன்றுமில்லை. இரண்டாவது. அதுவும் இல்லை. இனி நான்கும் விழுந்தாக வேண்டும். சந்துரு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சேச்சி, பேடிக்கண்டா" என்று பயப்பட வேண்டாமென்று தைரியம் சொன்னார் பயிற்சி தரும் போலீஸ்காரர்.

"பயமில்லீங்க. ரெண்டும் அட்டைக்குக் கீழ ஒரு சாண்ல மண்ணுல பூந்துருச்சு. பார்த்துட்டுத்தான் நிக்கறேன்."

போலீஸ்காரர் அசந்துபோனார். அந்த வெடியில் யாருக்குத் தெரியும் மண் எங்கே சிதறியது என்று? எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடமாக நிலக்கடலைக் காட்டில் பன்றி விரட்ட வெடி போடுகிறவள் அவள். வெடிக்கும்போது கண்ணை மூடினால் பன்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது, நம் மேலேயே பாய்ந்துவிடும். மயிலை விரட்ட உண்டிவில் எடுத்தாலும் முதல் கல்லை வழி பார்க்கத்தான் விடுவாள். இதெல்லாம் கூடவே இருந்து பார்த்த எனக்குத்தான் நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அக்கா ரிவால்வரை ஒரு விரற்கடை உயர்த்தினாள். வெடித்தது. அட்டையில் ஓட்டை! நான்காவது, ஓட்டை. ஐந்தாவது ஓரத்தில் பட்டது, ஆனால் பட்டது. ஆறாவதுக்கு நான் மூச்சே விடவில்லை. நட்டநடுவில் விழுந்தது. நான் கத்திய கத்தலில் ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து என்னை அதட்டினார். அதட்டட்டும்!

வெற்றிக் களிப்போடு வீடு வந்தோம். வாசலில் ஒரு டெம்போ நின்றுகொண்டிருந்தது, காலியாக, கட்டுக் கயிறோடு. அக்கா மகனைப் பார்த்தாள்.

"உங்க சாமானை ஏத்தறதுக்குக் காலையிலயே சொல்லி வெச்சுட்டனுங்கம்மா" என்றான் சந்துரு, தலையைக் குனிந்துகொண்டு.

நான்கும் விழுந்தபோது வராத கண்ணீர் அக்காவுக்கு அப்போது வந்தது. "நான் தோத்துருவேன்னு அத்தனை நெசமா நெனச்சியா கண்ணு?"

"அப்படியில்லீங்கம்மா. உங்க நம்பர்ல இருந்து போன் வந்தாலே கெட்ட சேதியோன்னு தோணுது. எடுக்கவே பயம். உங்களுக்குப் பயமில்லீங்க. எனக்குத்தான்."

எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பயம் உனக்குன்னா ஊடு மாற வேண்டியது நீதான, வேலைக்கு இங்கிருந்தே போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க தம்பி, கோயமுத்தூர்ல எம்பட பையன் சாமானம் கெடக்குது. போய் ஏத்திக்கிட்டு வந்தர்றீங்களா?"

டிரைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சந்துரு சிரிக்கவில்லை. சட்டைப் பையைத் துழாவி, கோயமுத்தூர் வீட்டுச் சாவியை எடுத்து டிரைவரிடம் நீட்டினான்.