தொங்கும் பிளேடுக்கு அடியில்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஷெட்டில் ஹெலிகாப்டரின் மேல் விசிறியை மாட்டும் வேலைக்கு அவர்தான் போர்மேன். கட்டைக் கழுத்து, பாதி அறுந்த இடது காது. அந்தக் காதைப் பற்றிக் கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. விசிறியின் நீண்ட பிளேடு கிரேனில் தொங்கும்போது அதற்கு அடியில் யார் போனாலும் அறைவார். நானும் ஒருமுறை வாங்கியிருக்கிறேன், பல் ஆடிவிட்டது.

ஒருநாள் அவர் கையிலிருந்த ஸ்பானர் நழுவி, தொங்கும் பிளேடுக்கு அடியில் விழுந்தது. அவரே குனிந்து போய் எடுத்து வந்தார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

உடனே பிளேடை இறக்கச் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன.

"நான் கீழ பூந்தத பாத்துக்கினுதான இருந்தீங்க? இன்னாத்துக்குடா ஒருத்தனும் கத்தல?"

"நீங்க போர்மேன், எப்டிண்ணா..." என்றேன்.

"நான் போர்மேன்னு பிளேடுக்குத் தெரியுமாடா? அடி என்னை."

தயங்கினேன். சட்டையைப் பிடித்து உலுக்கினார். "அடிடா!"

அறையத்தான் நினைத்தேன், கை முஷ்டியாக மூடிக்கொண்டது. அடி வாயிலேயே விழுந்தது. அவர் ஏணியில் மோதிச் சரிந்தார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

எழுந்து என்னையே பார்த்தார்.

"இதுல பாதி உன் பல்லுக்கு," என்றார். வாயைத் துடைத்துக்கொண்டே, "சரி, பிளேட தூக்கு."

அன்று முதல் பிளேடு தொங்கும்போதெல்லாம் என்னைத்தான் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நம்பிக்கையா, வன்மமா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் கால் பிளேடுக்கு அடியில் நகரப் பார்த்தால் என் முஷ்டி தானாக மூடும். அதைப் பார்த்து அவர் நின்றுவிடுவார்.