எண்ணெய் குடித்த டயர்கள்

யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்த பிறகு, அப்பாவின் சீமைக் கார் இரண்டு ஆண்டுகள் கொட்டகையிலேயே நின்றது. ஏற்காட்டுத் துரை ஒருவரிடம் வாங்கியது. அதன் விளக்குகளில் முகம் பார்க்கலாம். தோல் இருக்கையில் ஒரு கீறல் கிடையாது. சேலத்திலிருந்து பிரசவ டாக்டரம்மா ஒருவர் அதை வாங்கப் பார்க்க வருவதாக இருந்த காலையில், என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

காரணம் டயர்கள். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் தோல்பறி வெடிக்காமலிருக்க எங்கள் பக்கத்தில் விளக்கெண்ணெய் பூசுவார்கள். அப்பா அதே அக்கறையுடன் வெள்ளிக்கிழமைதோறும் டயர்களுக்கும் பூசினார். காராயிற்றே என்று செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். எண்ணெயில் ஊறினால் ரப்பர் இளகும் என்பது ரசாயனம் படித்த எனக்குத் தெரியும். கல்லூரி விடுமுறைதோறும் பார்த்தும், அவர் மனம் நோகுமே என்று பேசாமலிருந்தேன். அன்று கட்டைவிரலால் அழுத்தினேன். விழுந்த பள்ளம் மெல்லத்தான் மேலெழுந்தது.

சொன்னால் விற்பனை நின்றுவிடலாம். டாக்டரம்மாவுக்குப் பெட்ரோல் அனுமதி இருந்தது, கார்தான் இல்லை. எங்கள் பனமரத்துப்பட்டிப் பக்கம் அவர் ஜட்கா வண்டியில் வந்து சேர்வதற்குள் சில வீடுகளில் தாயோ குழந்தையோ இறந்திருக்கும். சொல்லாவிட்டால் எங்கோ ஒரு சரிவில் டயர் வெடிக்கும். அப்போது உள்ளே ஒரு கர்ப்பிணியும் இருக்கக்கூடும்.

அவர் வந்தார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “புதுசு மாதிரி வச்சிருக்கீங்களே ஐயா!” என்றார்.

“பெத்த புள்ளையக்கூட இப்படிப் பாத்ததில்லீங்க அம்மணி,” என்று அப்பா என்னைக் காட்டிச் சிரித்தார்.

“டயரை அழுத்திப் பாருங்க,” என்றேன். “எண்ணெயில ஊறிப்போச்சுங்க. ஓட்டினா வெடிச்சுரும்.”

அவர் அழுத்திப் பார்த்தார். அப்பாவின் சிரிப்பு நின்றது.

“ஏன்டா, ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான இருந்த? பட்டம் வாங்குன வாய்ல அப்ப என்ன கொழுக்கட்டையா?”



டாக்டரம்மா யோசித்தார். “கார் எனக்கு வேணும். டாக்டர்னா புது டயருக்கு அனுமதி கிடைக்கும். ஆனா சேலத்துல அதிகாரி வண்டியக் கண்ணால பாக்கணுமே. எப்படிக் கொண்டு போறது?”

“மாடு கட்டி மெதுவா இழுக்கலாங்க,” என்றேன்.

“எங்காருக்கு நுகத்தடியா? ஊரே சிரிக்குமுங்க!” அப்பா விருட்டென்று வெளியேறினார். போய்விட்டார் என்றே நினைத்தேன். உழவு மாடுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“சிரிச்சாச் சிரிக்கட்டும். ஏறி ஸ்டீரிங்கப் புடி சாமி. எந்தப் பக்கம் திருப்பறதுன்னாச்சும் வாயத் தொறந்து சொல்லு.”

சேலத்தை ஒட்டிய சூரமங்கலத்திலிருந்த டாக்டரம்மா வீட்டை அடைய மாலையாயிற்று. வழிநெடுகச் சிரித்தார்கள். அப்பா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

புது டயர்கள் வர மூன்று மாதமாயிற்று. முதல் விடுமுறையிலேயே நான் பேசியிருந்தால் அந்த மாதங்கள் வீணாகியிருக்காது. அதுவரை, ஜட்கா மணி கேட்டபோதெல்லாம் தெருவுக்கு ஓடினேன். டாக்டரம்மா யார் வீட்டுக்குப் போகிறார், நேரத்தில் போய்ச் சேர்வாரா என்று அறிய.