அவள் தூங்க ஓர் இடம்

லாரியை ராத்திரி நிறுத்த இடம் பார்ப்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறும்வரை லாரி ஓட்டியவன் நான். ஓர் இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் தரை சமமாக இருக்கிறதா, மழை பிடித்தால் டயர் புதையுமா, தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்குகிறதா, விடிந்ததும் யாராவது வந்து விரட்டுவார்களா என்றெல்லாம் மனம் தானாகப் பார்த்துவிடும். தரை சமமா என்று சோதிக்க ஆளாளுக்கு ஏதேதோ கருவி வாங்கி வைத்திருக்கிறார்கள். நான் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடுப்பு மேடையில் வைப்பேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஏறி நிற்கிறதோ அந்தப் பக்கச் சக்கரத்தின் கீழே ஒரு பலகை. அவ்வளவுதான் வித்தை.

இதெல்லாம் லாரிக்கு. அதற்குள் படுக்கும் என் மனைவிக்கு எந்த இடம் ஒத்துவரும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

பின்னால் பெட்டி வைத்த பழைய லாரி அது. கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, தண்ணீர்த் தொட்டி பொருத்தி, இரண்டு பக்கமும் ஜன்னல் வெட்டிக் கொசுவலை அடித்தேன். மம்பாவில் எங்கள் வீட்டு வாசலில் இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, நான் பர்கர் கடை போடப்போகிறேன் என்று தாமான் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் திறப்பு விழா எப்போது என்றே கேட்டுவிட்டார். கடை இல்லை, நாங்கள் இரண்டு பேரும் இதிலேயே ஊர் சுற்றி இதிலேயே தூங்கப்போகிறோம் என்றேன்.

"இத்தன வருஷம் லாரியில இருந்தது பத்தலையாண்ணே?" என்று சிரித்தார்.

பத்தவில்லைதான். ஆனால் அதற்கான காரணத்தை வாசலில் நின்று விளக்க முடியுமா? என் மனைவி சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மூத்தவள் பிறந்ததும் இரவு ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அதுதான் தோது. காலையில் பாக்டரி பஸ் அவளை முனையில் இறக்கிவிடும் நேரத்தில் நான் லாரியைக் கிளப்பிக்கொண்டிருப்பேன். நான் திரும்பி வந்து குளித்துவிட்டு உட்காரும்போது அவள் பையைத் தோளில் மாட்டியிருப்பாள். பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே போன பிறகும் அந்த ஷிஃப்ட் மாறவில்லை, பழகிவிட்டது என்றாள். கட்டில் ஒன்றுதான்; அதிலும் ஷிஃப்ட் முறைதான். சண்டை போடக்கூட எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும்.

இருவருக்கும் வேலை ஓய்ந்த பிறகு, ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. புது மாப்பிள்ளைக்கு வர வேண்டிய ஆசை, காலம் தப்பி வந்துவிட்டது. அதற்காகத்தான் இந்த லாரி.

வீட்டில் அவள் தூங்கும் விதமே தனி. மழைநாளிலும் பழைய மின்விசிறியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி முழு வேகத்தில் ஓட விட்டுக்கொள்வாள். காற்று ஒரு பொட்டும் மேலே படாது. சுவருக்கு அவ்வளவு புழுக்கமா என்று கேலி செய்வேன். அந்தக் கிழட்டு விசிறியின் கடகடப்பு எனக்குப் பிடிக்காது. லாரிக்கென்று சத்தமே போடாத குட்டி விசிறி ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினேன். ஓடுகிறதா இல்லையா என்று விரலை நீட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் எனக்குப் பெருமை வேறு.

இப்போதெல்லாம் இப்படிச் சுற்றுகிறவர்கள் தாங்கள் தங்கிய இடங்களைக் கைப்பேசியில் போட்டுவிடுகிறார்கள். கழிப்பறை உண்டு, தண்ணீர் உண்டு, நாய் உண்டு என்று விவரமாக இருக்கும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். அமைதியான இடம் என்று எழுதியிருந்தால் ஸ்டியரிங் தானாகத் திரும்பிவிடும்.

அருவிக்குப் பக்கத்தில் கார் நிறுத்தும் இடத்தில் ஓர் இரவு தங்கினோம். வார நாள் என்பதால் ஆளே இல்லை. தண்ணீர் விழும் ஓசைகூட எட்டாத மூலையாகப் பார்த்து நிறுத்தியவன் நான். மறுநாள் ஓர் எஸ்டேட். எஸ்டேட்டுக்குள் தங்குவதென்றால் இரண்டு பேரிடம் கேட்டாக வேண்டும். ஒருவர் கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவலாளி, இன்னொருவர் முச்சந்தியில் நிற்கும் முனீஸ்வரர். காவலாளி அடையாள அட்டை கேட்பார். முனீஸ்வரருக்குச் சூடம் போதும். என் மனைவி சூடத்தைக் கொளுத்திவிட்டு, "இன்னிக்கி இங்கதான் படுக்கிறோம், பாத்துக்கய்யா" என்று வீட்டு மனிதரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வருவாள். கோயில் இருந்தால் தண்ணீர்க் குழாயும் இருக்கும் என்பது என்னைப் போன்றவர்களுக்குக் கூடுதல் வசதி.

அன்று செம்பனைக் காட்டின் கடைசியில், பாதை முடியும் இடத்தில் நிறுத்தினேன். அப்படி ஒரு நிசப்தம். நான் படுத்ததுதான் தெரியும். காலையில் எழுந்தால் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"தூங்கலையா?"

"ஒரு மட்டை விழுந்துச்சு. அடுத்தது எப்ப விழும்னு பாத்துக்கிட்டே இருந்தேன், விடிஞ்சிருச்சு."

"பயமா?"

"பயமெல்லாம் இல்லீங்க. முனீஸ்வரருதான் இருக்காரே. தூக்கம்தான் வரல."

குறை சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதுதான் எனக்குப் பயம். குறை சொல்கிறவர்களைச் சமாதானம் செய்யலாம். இவள் பேசாமல் காப்பி கலக்குவாள், பேசாமல் வாசல் பெருக்குவாள், லாரிக்கு வாசல் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், இறங்கும் படிக்கட்டின் கீழே ஒரு முழம் தரையைப் பெருக்கிவிட்டுத்தான் உட்காருவாள். நான் இன்னும் அமைதியான இடமாகத் தேடினேன். குளக்கரை, கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம், மலைச்சரிவு. அவள் கண்ணைச் சுற்றிக் கருமை ஏறிக்கொண்டே போனது.

கோலா கிளாவாங்கில் ஒரு கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இன்னிக்கும் தூக்கம் வரலன்னா நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாங்க. லாரிய வித்துருங்க."

"இன்னும் பாதி நாட்ட பாக்கலையே."

"நீங்க பாருங்க. யாராச்சும் கூட்டாளிய கூட்டிட்டுப் போங்கலா. என்னால முடியல."

கூட்டாளியோடு ஊர் சுற்றுவதற்கா நான் கொசுவலை அடித்தேன்? கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் கடைக்காரரிடம் சாம்பார் ஆறிப்போயிருக்கிறது என்று சண்டை பிடித்தேன். அவர் பாவம், சூடாக வேறு ஊற்றிக் கொடுத்தார்.

அன்று பகல் முழுக்க நான் இடம் தேடியதுபோல் வாழ்நாளில் எதையும் தேடியதில்லை. கைப்பேசியில் எல்லோரும் மெச்சியிருந்த ஓர் ஆற்றோரத்துக்குப் போனோம். முந்தின நாள் மழையில் அது சேறாகக் கிடந்தது. அங்கிருந்து ஓர் எஸ்டேட்டுக்குப் போனால் கேட்டில் சங்கிலி, காவலாளியைக் காணோம். முஸ்லிம்கள் தொழும் ஒரு சூராவுக்குப் பக்கத்தில் நல்ல சமதரை இருந்தது, ஆனால் ஏதோ கெண்டுரி. விருந்துக்குக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அன்பாகத்தான் அழைத்தார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டும். அதுவும் எனக்கில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையோரத்தில் வரிசையாக லாரிகள் நிற்பதைக் கண்டேன். எல்லாம் என்ஜினை அணைத்துவிட்டு நின்றன. ஓட்டுநர் ஒருவர் கைலிக்கு மாறிவிட்டிருந்தார். லாரிக்காரனுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நாலு லாரி நிற்கும் இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. என் கை யோசிக்கவே இல்லை, வரிசையின் வாலில் கொண்டுபோய் லாரியைச் செருகியது. எனக்குப் பின்னால் உடனே இன்னொன்று வந்து நின்றது.

கீழே இறங்கிய பிறகுதான் மூக்கு வேலை செய்தது. சாலை வளைவுக்கு அந்தப் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலை. குலைகளை வேகவைக்கும் புளித்த வாடை. அதோடு ஆலையின் உறுமல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், தரைக்குள்ளிருந்து வருவதுபோல. நடுநடுவே நீராவியைத் திறந்துவிடும் சீறல் வேறு. தொலைந்தேன் என்று நினைத்தேன். கிளம்பிவிடலாம் என்றால் இன்னொரு இடத்துக்குப் போக வெளிச்சம் இல்லை. நாளைக்கு மம்பாவ்தான், லாரி விற்பனைக்குத்தான்.

"காலையில சீக்கிரமா எடுத்துரலாம்" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"என்னமோ ஓடுதே" என்றாள்.

"மில்லு. ராத்திரி பூரா ஓடும்."

"ம்" என்று சொல்லிக் கட்டிலில் சாய்ந்தாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு மைலோ கலக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதித்து, கலக்கி, இரண்டு கோப்பைகளோடு திரும்பினேன். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. நான் கூப்பிட்டுப் பார்த்தேன், மெதுவாகத்தான். அசையவில்லை.

இரண்டு கோப்பை மைலோவையும் நானே குடித்தேன். அப்போதுதான் அந்தச் சுவர் பார்த்த மின்விசிறி நினைவுக்கு வந்தது. வருஷக்கணக்காக அவளுடைய இரவுகள் எந்திரங்களுக்கு நடுவே போயிருக்கின்றன. எந்திரம் ஓடினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள், நின்றால்தான் எல்லோரும் ஓட வேண்டும். அப்படிப்பட்டவளை நான் கூட்டிக்கொண்டுபோய் மட்டை விழும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்கும் இடங்களில் படுக்க வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. இவள் இரவில் தூங்க, நான் விழித்திருந்து பார்ப்பது அநேகமாக இதுதான் முதல் தடவை.

விடிந்தும் விடியாமலும் பெட்டியின் பக்கவாட்டில் தட்டும் ஓசை. பின்னால் நின்ற லாரிக்காரர்.

"அண்ணே, முன்னால நவுருது. எடுங்க."

முன்னால் எட்டிப் பார்த்தேன். அது ஓய்விடம் இல்லை. காலையில் கேட் திறந்ததும் ஆலைக்குள் போகக் காத்திருந்த குலை லாரிகளின் வரிசை. ஒரு பக்கம் வாய்க்கால், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். திரும்ப வழியில்லை. மனைவியை எழுப்பிப் பக்கத்து இருக்கையில் உட்கார வைப்பதுதான் முறை. எனக்கு மனம் வரவில்லை. முன்னால் போய் ஏறி, முட்டைத் தட்டு ஏற்றியவன்போல லாரியை நகர்த்தினேன். நகர்ந்து, நின்று, நகர்ந்து, ஆலையின் கேட்டைக் கடந்து, லாரியோடு சேர்த்துச் சுமையை நிறுக்கும் மேடையில், நாங்கள் திம்பாங் என்போமே, அதில் ஏறி நின்றுவிட்டேன்.

மேடையோர அறையின் ஜன்னலுக்குள் இருந்த தமிழ்ப் பெண், கணக்கு எழுதும் கிராணி வேலை பார்ப்பவள், எடை காட்டும் திரையைப் பார்த்தாள், என் லாரியின் கொசுவலையைப் பார்த்தாள்.

"அங்கிள், எந்த எஸ்டேட் லோடு?"

உதட்டில் விரல் வைத்தேன்.

"லோடு இல்லம்மா. வீட்டுக்காரம்மா தூங்குறாங்க."

"இந்தச் சத்தத்துலயா?"

"இந்தச் சத்தத்துலதாம்மா."

அவள் குரலைத் தாழ்த்தி, "எடை வந்துருச்சு அங்கிள். எறக்கிட்டு வந்தா காலி வண்டிய திரும்ப நிறுக்கணும்" என்றாள். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"எறக்குறதா இல்ல."

அந்தப் பக்கமாகச் சுற்றி வெளியே போகலாம் என்று கையைக் காட்டினாள். ஆலையை ஒரு சுற்றுச் சுற்றிச் சாலைக்கு வந்தேன். இடப்பக்கம் திரும்பினால் மம்பாவுக்குப் போகும் வழி. நான் வலப்பக்கம் திரும்பி, வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று தேடிப்போய், கடைசி லாரிக்குப் பின்னால் மறுபடி நிறுத்தினேன்.

வெயில் ஏறிய பிறகு பின்கதவு திறந்தது. அவள் படியில் நின்று சோம்பல் முறித்தாள். முகம் உப்பி, தலைமுடி ஒரு பக்கமாக ஒட்டிக்கிடந்தது. அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை.

"நேத்து நின்ன இடமா இது? முன்னால வேற லாரி நிக்குது."

"அதேதான்" என்றேன்.

இறங்கிப் படிக்கட்டின் கீழே ஒரு முழம் தரையைப் பெருக்கினாள். ஆலைப் பக்கம் காது கொடுத்து நின்றாள். பிறகு கேட்டாள்:

"ஏங்க, இந்த மாதிரி மில்லு வேற எங்கெங்க இருக்கு?"