ஆறு மணிக்கு அப்பா பேசுவார்

என் அப்பா சங்கிலிப்பாண்டி மட்டாஞ்சேரியில் தள்ளுவண்டியில் காய்கறி விற்றவர். உசிலம்பட்டிக்காரர். இளவயதில் கட்டட வேலைக்குக் கொச்சி வந்தார். முதுகு கெட்டதும் வண்டி எடுத்தார். திரும்பிப் போகவில்லை. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் இறந்தார். அவர் படங்கள் நிறைய இருக்கின்றன. குரல் இல்லை.

அதைக் கவனித்தது அம்மா. போன வருடம் நான் வந்திருந்தபோது, மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"மகா, அவுக மொகம் இருக்குடி. சத்தம் போயிருச்சு."

"எந்தச் சத்தம்?"

"பேச்சுத்தேன். கண்ணை மூடுனா வாய் அசையுது. சத்தம் வரமாட்டேங்குது."

"கத்துவாரும்மா. வேறென்ன?"

"கத்துவாருன்னு எனக்குத் தெரியாதாக்கும். எப்பிடிக் கத்துவாருன்னுதேன் வரல. நீ மிசினு படிச்சவ. எங்கயாச்சும் கெடக்கும். எடுத்துக் குடு."

நான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கிறவள். வேலை கோயம்புத்தூரில். அம்மா பாண்டிச்செல்வி, மட்டாஞ்சேரிப் பாண்டிக்குடியில் அப்பா இருந்த அதே வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். என்னோடு வா என்றால் வரமாட்டாள். அந்த வீட்டிலும் அவருடைய சத்தம் இல்லை என்பதுதான் அவளுடைய கஷ்டம்.

முதலில் அப்பாவின் போனைத் திறந்தேன். வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பியவை வரிசையாக இருந்தன. அவர் பேசி அனுப்பியது ஒன்றுமில்லை. அனுப்பச் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான் சொல்வார். "கூப்பிட்டாப் பேசப்போறேன். பேச்சைக் கட்டிப் பார்சல்லயா அனுப்புவாக?"

இத்தனைக்கும் அந்த மே மாதம் தெரு முழுக்கக் கேட்ட குரல் அவருடையது.

கேரளத்தில் அப்போது தொற்று ஏறிக்கொண்டே போனது. மாலை ஆறு மணிக்கு முதல்வர் டிவியில் வருவார். அன்றைய எண்ணிக்கை, சோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு நோய், எந்த மாவட்டத்தில் என்ன கட்டுப்பாடு, எந்தக் கடை எதுவரை என்று தாளைப் பார்த்து நிதானமாகப் படிப்பார். அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் சீரியல் ஓடாது. எர்ணாகுளத்துக்கு டிரிபிள் லாக்டவுன் என்ற கடும் ஊரடங்கு வந்தபோது எங்கள் பக்கத்துச் சந்துகளை மூங்கில் கட்டி அடைத்தார்கள்.

முதல்வர் பேசியது மலையாளத்தில். எங்கள் பகுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று தமிழ்நாட்டுக் கட்டட வேலைக்காரர்களும் ஹோட்டல் வேலைக்காரர்களும் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு அது பாதிதான் புரிந்தது. புரியாத பாதியிலிருந்து புரளி கிளம்பும். ஊருக்கு பஸ் விடுகிறார்கள் என்று ஒரு கூட்டம் பையைத் தூக்கிக்கொண்டு வைட்டிலா பஸ் நிலையம் வரை நடந்தே போனது. போலீஸ் திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகுதான், தமிழிலும் மைக்கில் சொல்வது என்று வார்டில் முடிவெடுத்தார்கள். ஆட்டோ, எங்கள் பகுதியில் வண்டி ஓட்டும் ரதீஷுடையது. பேச அப்பா.

மற்ற இடங்களில் ஒருமுறை பேசிப் பதிவு செய்து, அதையே ஓட்டினார்கள். அப்பா மறுத்துவிட்டார்.

"நேத்து ஒரு நேரம், இன்னைக்கு ஒரு நேரம்னு மாத்துறாக. பழைய பேச்சைப் போட்டா பழைய காய் மாதிரி நாறும்."

அவர் செய்தது இதுதான். ஆறு மணிக்கு ஆட்டோவில் ஏறுவார். போனில் முதல்வர் பேசுவது நேரலையாக ஓடும். ஒரு காதில் இயர்போன், கையில் மைக். முதல்வர் ஒரு வாக்கியத்தை முடித்ததும் அதைத் தமிழாக்கித் தெருவுக்குச் சொல்வார். சொல்லும்போதே அடுத்ததைக் கேட்பார். வருடக்கணக்காக ஒரு வாசலில் மலையாளத்திலும் அடுத்த வாசலில் தமிழிலும் விலை பேசியவர். அந்தப் பழக்கம்தான் உதவியிருக்க வேண்டும். அறைகளில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்து நின்று கேட்டார்கள்.

கூடவே தன் சரக்கையும் சேர்ப்பார். "நம்மளை அதிதித் தொழிலாளின்னு சொல்றாரு. அதிதின்னா விருந்தாளி. விருந்தாளி எங்கயாச்சும் வீட்டுக்காரன் சொல்லாமத் தெருவுல திரிவானா? உள்ள உக்காருங்கடா."

இது கவுன்சிலர் காதுக்குப் போனது. முதல்வர் சொல்லாததை முதல்வர் பெயரில் சொல்லக் கூடாது என்றார். சரிதானே என்று அப்பா ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து முதல்வர் பேசும்போது முதல்வர் பேச்சு. அவர் தாள் புரட்டினாலோ தண்ணீர் குடித்தாலோ, அந்த நேரம் அப்பாவுடைய பேச்சு.

மே மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் வந்தது. எங்கே தொற்றியது என்று தெரியாது. மார்க்கெட்டாக இருக்கலாம், அரிசி பருப்புப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்த ஏதோ ஓர் அறையாக இருக்கலாம். நான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் கருவிகளோடு இருந்தேன். வாளையாறு எல்லையைத் தாண்டப் பாஸ் கிடைக்கத் தாமதமானது. அதற்குள் அவரைக் கொரோனா வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஒரு நர்ஸ் போனை அவர் காதில் வைத்தார்.

"அப்பா" என்றேன்.

கேட்டது கருவியின் இரைச்சல். அந்த மாடல் எனக்குத் தெரியும். சத்தத்தை வைத்தே எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று சொல்ல முடிந்தது. அவர் பேச முயன்றாரா என்று சொல்ல முடியவில்லை. நான் வந்து சேர்ந்தபோது உடலைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முகம் மட்டும் காட்டினார்கள்.

அம்மா கேட்ட அன்றே ரதீஷைத் தேடிப் போனேன். படகுத்துறை ஸ்டாண்டில் ஆட்டோவுக்குள் படுத்திருந்தார்.

"சேட்டா, அப்பா பேசினது ஏதாவது ரெக்கார்ட் ஆகியிருக்கா?"

"எவிடெ மோளே! பாண்டி சேட்டன் சம்மதிக்கணுமே." எழுந்து உட்கார்ந்தார். "ஒரு தடவ பேசி வெச்சா ரெண்டு பேரும் சும்மா சாயா குடிச்சிட்டே சுத்தலாம்னு நான் சொன்னேன். 'வாய் வலிக்கிறது எனக்கு, நீ வண்டியப் பாத்து ஓட்டு'ன்னு என்கிட்ட சாடினாரு."

இந்த ஊரில் தமிழர்களைச் சீண்டுவதென்றால் 'பாண்டி' என்பார்கள். அப்பாவுக்கு அது ஒருநாளும் உறைத்ததில்லை. "மத்தவனைத் திட்டுறாக. என்னையப் பேர் சொல்லிக் கூப்பிடுறாக" என்பார்.

ரதீஷ் ஆட்டோவிலிருந்து இறங்கினார். "ஜிஷாகிட்ட கேட்டு நோக்கு. அந்தச் சமயம் அவளுக்கு வேற ஜோலி இல்ல. மேலேருந்து தெருவ வீடியோ எடுத்துட்டே இருப்பா."

ஜிஷா எங்கள் சந்து முனையில் மாடி வீட்டில் மாமியாரோடு இருக்கிறாள். கணவர் ஷார்ஜாவில். ஊரடங்கில் தெரு எப்படிக் கிடக்கிறது என்று அவருக்குப் படம்பிடித்து அனுப்புவாள்.

"உண்டல்லோ" என்றாள் உடனே. பழைய போனைத் தேடி எடுத்துச் சார்ஜில் போட்டாள். "ஆனா மகா, அதுல உன் அச்சன் சத்தம் சரியா கேக்காது. ஹால்ல டிவி அலறிட்டிருந்தது. மாமியாருக்குக் காது மந்தம்."

வீடியோ சிறியது. ஜன்னல் கம்பி, மழை ஈரம், மூங்கில் தட்டிக்குப் பக்கத்தில் ஆட்டோ. அப்பா மாஸ்க்குக்கு மேல் மைக்கை வைத்துக்கொண்டு இடது கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். கேட்பது முதல்வர் குரல். அவர் அன்றைய எண்ணிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவிடம் காட்டினேன். முழுதும் பார்த்தாள்.

"இதேதேன்" என்றாள். "என் கண்ணுக்குள்ள வர்றதும் இதேதேன். சத்தம் எங்கடி?"

கோயம்புத்தூருக்கு எடுத்துப் போய் லேப்டாப்பில் போட்டேன். ஒலியைத் தனியாகப் பிரித்து, அலையாக விரித்துப் பார்த்தேன். இரண்டும் வயதான ஆண் குரல்கள், ஏறக்குறைய ஒரே அதிர்வெண். ஒன்றை வடிகட்டினால் மற்றதும் போய்விடும். டிவி அருகில், அப்பா தூரத்தில். மழையைக் குறைத்தேன், மின்விசிறியைக் குறைத்தேன். முதல்வர் குரல் இன்னும் தெளிவானது. நோயாளிகள், மருத்துவமனைகள், படுக்கைகள். தெரிந்த செய்தியை அத்தனை துல்லியமாக மறுபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிரிக்கும் வேலையை விட்டுவிட்டு, டிவி அமைதியாகும் இடங்களைத் தேடினேன். பெரும்பாலானவை மூச்சு விடும் இடங்கள், ஒரு சொல்கூட அடங்காதவை. ஒன்று மட்டும் நீளம். முதல்வர் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். போன் நேரலை டிவியைவிடச் சில நொடிகள் பின்தங்கி வரும் என்பதால், அந்த அமைதி தொடங்கும்போது அப்பா இன்னும் முதல்வர் பேச்சை முடிக்கவில்லை. அந்த இடத்தை வெட்டி, ஒலியைக் கூட்டினேன். கரகரப்போடு வந்தது.

"...மருந்துக்கடை மட்டும் தொறந்திருக்கும். அவரு தண்ணி குடிக்கட்டும், நாஞ் சொல்றேன் கேளுங்க. உங்களுக்கு மட்டுமா ஆசை? எம் மக கோயம்புத்தூர்ல கெடக்கா. பாத்து எம்புட்டு நாளாச்சு. நாந்தேன் வராதடின்னு சொல்லிருக்கேன். இப்ப மட்டும் அவ இந்தா இங்கன வந்து நின்னா..."

அங்கே முதல்வர் தொடங்கிவிடுகிறார். அதன்பின் அப்பா பேசுவது தெரிகிறது. இடது கை மேலே போகிறது, தலையை ஒருமுறை ஆட்டுகிறார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த எல்லா முறைகளையும் செய்துபார்த்தேன். என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் கொடுத்தேன். வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன். அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். 'அவரு தண்ணி குடிக்கட்டும்' என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னொருவாட்டி போடு."

போட்டேன்.

"வந்து நின்னா... பெறகு?"

"அதோட டிவி சத்தம் வந்துருதும்மா."

"அந்தாளு இன்னுங் கொஞ்சம் தண்ணி குடிச்சிருக்கக் கூடாதா?"

அவள் போனிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது தினமும் கேட்கிறாள். ஜிஷாவையும் உட்கார வைத்துக் கேட்க வைக்கிறாளாம். நான் வேலை முடித்து அறைக்கு வந்ததும் கூப்பிடுவேன். சாப்பாடு, மழை, காலில் வீக்கம் எல்லாம் பேசி முடித்த பிறகு அந்த வாக்கியத்துக்கு வருவோம். முதலில் சில நாள், "வாசல்லயே நிப்பாட்டி வெரட்டிருவேன்னுதேன் சொல்லிருப்பாக. ஊருக்குச் சொன்னதைத் தனக்கும் சொல்ற ஆளு" என்றாள். பிறகு ஒருநாள், கோழி எடுத்துவரச் சொல்லியிருப்பார் என்றாள். வேறொரு நாள், ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார், சும்மா கையைத்தான் ஆட்டியிருப்பார் என்று சண்டை பிடித்தாள்.

நேற்றும் கேட்டேன். "இன்னைக்கு என்னம்மா சொன்னாரு?"

"'கொல்லைப்பக்கமா வந்து குளிச்சிட்டு உள்ள வாடி'ன்னாரு" என்றாள். "அப்ப எல்லாரும் அப்பிடித்தேன சொன்னாக. வந்தவுகளை மொத குளிக்கத்தேன சொல்வோம்."

"ஆமாம்மா."

"வெந்நி போட்டு வெக்கச் சொல்லி என்னையக் கத்திருப்பாக" என்றாள். கத்திக் காட்டினாள்.