ஒரு ஜோடி ஒரு கைக்கு

மாலை வகுப்பில் சேரும் எந்தப் புதுப் பிள்ளையும் முதல் வாரத்துக்குள் என்னிடம் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், உங்க பின்னாடி சுவத்துல ஏன் ஒரு ஷூ தொங்குது?" மடிக்கணினித் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் அத்தனை முகங்களும் கணக்கை மறந்துவிட்டு அந்த ஷூவையே பார்க்கும். உண்மையில் அது முழு ஷூ அல்ல. அடிப்பாகம் ஒட்டாத மேல்பாகம்தான். எங்கள் பக்கத்தில் அதற்கு அப்பர் என்று பெயர். பழுப்பு நிறத் தோல், வலது காலுக்கானது. மூக்குப் பக்கம் பை போல மூடியிருப்பதால் ஆணியில் தலைகீழாக மாட்டி, உள்ளே இரண்டு பேனாவும் ஒரு ஸ்கேலும் செருகி வைத்திருக்கிறேன். "அது என் ஓரகத்தி" என்று சொல்வேன். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே பின்னக் கணக்குக்குத் திரும்பிவிடுவேன்.

ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி. அரக்கோணத்திலிருந்து ஆம்பூருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது என் அம்மா மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் உயிரோடு இல்லை. ஆனால் ஓரகத்தியைப் பற்றி ரயிலேறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். "கேட்டா மட்டும் பதில் சொல்லு. நீயா வாயத் தொறக்காத. ஒரே வீட்ல ரெண்டு அடுப்புன்னா ஜாக்கிரதையா இருக்கணும்." நானும் சொன்ன பேச்சைக் கேட்கிறவளாயிற்றே! முதல் இரண்டு வருடம் "சரிக்கா", "இல்லக்கா", "ஆச்சுக்கா" என்ற மூன்று சொல்லிலேயே குடும்பம் நடத்தினேன். இத்தனைக்கும் என் ஓரகத்தி நாள் முழுக்கப் பேசுகிறவள். தெருமுனையில் அவள் சிரித்தால் எங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்கும்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "எந்த நேரத்துல கேக்கற?" என்று திருப்பிக் கேட்பாள். விடியற்காலையில் அவள் இட்லி மாவுக்காரி. தெருவில் பாதி வீட்டுக்கு அவள் அரைத்த மாவுதான். பத்து மணிக்கு மேல் ஆறு வீட்டுச் சாப்பாட்டுக் கேரியர்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு தோல் தொழிற்சாலை வாசலுக்குப் போவாள். மத்தியானம் ஷூ கம்பெனி அப்பர்களுக்குக் கைத்தையல் போடுவாள். சாயங்காலம் நான்கு மணியானால் டியூஷன். ஆமாம், டியூஷன்! எட்டாம் வகுப்போடு நின்றவள் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் வைத்திருந்தாள். "ஒரே வேலைய நம்பிக்கினு இருந்தா அது நம்மள ஆட்டும். நாலு வேல வெச்சிக்கினா நாம அதுங்கள ஆட்டலாம்" என்பாள். எந்த வேலையையும் அவள் அலுத்துக்கொண்டு செய்து நான் பார்த்ததில்லை. ஒன்று அலுக்கிற நேரத்தில் அடுத்ததற்கு நேரமாகிவிடும், அதுதான் காரணமோ என்னவோ.

நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷூ கம்பெனி லைனில் மெஷின் தையல் பழகியவள். ஆம்பூர் வந்தும் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் நின்றேன். அவளுக்கு எட்டு மாதம் நடக்கும்போது, என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆர்டர் கம்மி என்று வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றாக்கிவிட்டார்கள். நான் மறுபடியும் கம்பெனிக்குப் போயாக வேண்டும். போனால் காலை ஏழு மணிக்கு கம்பெனி பஸ் ஏறி, இருட்டிய பிறகுதான் வீடு. குழந்தையை யார் பார்ப்பது? அரக்கோணத்தில் அம்மாவிடம் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து தூக்கிக்கொண்டு போவதாகப் பேச்சு. குழந்தையின் துணிகளை ஒரு பையில் மடித்து அடுக்கி வைத்தேன். அடுக்கிவிட்டு அந்தப் பையைப் பார்த்தாலே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத்தான் எனக்கு மூன்று சொல்லுக்கு மேல் கிடையாதே.

பையைப் பார்த்தவள் ஓரகத்திதான். அன்றைக்கு அப்பர் பை கொண்டுவரும் பாய் தன் டி.வி.எஸ்ஸில் வந்து இறங்கியதும், "பாய், இந்தத் தடவ பெரிய பையா குடு. எங்க சின்னதும் தைக்கும். கை சரியா வந்துதுன்னா அதுக்கும் தனிப் பை குடுத்துடு" என்றாள். கம்பெனிக்கும் வீடுகளுக்கும் நடுவில் நின்று வேலை கொடுத்து வாங்குகிறவர் பாய். என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நாற்பது ஜோடி கொடுத்தார். எனக்குத் தனிப் பை கிடைத்தால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், குழந்தை ஊருக்குப் போக வேண்டாம். அந்த நாற்பது ஜோடியில்தான் எல்லாம் இருந்தது.

கைத்தையலுக்கு ஒரு நூல், இரண்டு ஊசி. தோலில் ஏற்கெனவே ஓட்டை போட்டிருக்கும். இரண்டு பக்கமிருந்தும் ஊசியைக் கோத்து மெழுகு நூலை இழுத்தால் மூக்கின்மேல் சுருக்கம் அழகாக உட்காரும். ஓரகத்தி சைக்கிள் டியூபை வெட்டி எனக்கு விரலுறை செய்து கொடுத்தாள். பத்து ஓட்டை தைப்பதற்குள் எனக்கு ஒரு பெரிய யோசனை உதித்துவிட்டது. லைனில் பழகிய மூளை அல்லவா! அங்கே ஆளுக்கு ஒரு வேலை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை ஓடும். "அக்கா, நான் இடது காலா தைக்கிறேன், நீங்க வலது காலா தைங்க. வளைவு மாறாது, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றேன். ஓரகத்தி கையிலிருந்த அப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னையே சிறிது நேரம் பார்த்தாள். "சரி, அப்படியே செய்யலாம்" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கணக்குப் போட்ட மாதிரி நாற்பதும் ஒரு நாள் முன்னாலேயே முடிந்தது.

வியாழக்கிழமை காலை பாய் வந்தார். மேலே கிடந்த ஜோடியை எடுத்து மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடுத்த ஜோடியை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். ஓரகத்தியின் வலது கால் கம்பெனி சாம்பிள் போலவே கச்சிதமாக மூக்கை உள்ளிழுத்து நின்றது. என் இடது கால் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மெஷினில் யார் மிதித்தாலும் நூல் ஒரே இறுக்கம்தான். கையில் அப்படியா? ஒவ்வொருத்தர் இழுப்பு ஒவ்வொரு மாதிரி. லைனில் இருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. "இன்னாம்மா இது பேஜார்! ஒரு காலு வேலூர் போவுது, ஒரு காலு பேரணாம்பட்டு போவுது! இத கொண்டும்போய் காட்டுனா நாளைக்கு எனக்கே வேல இல்லம்பாங்க" என்று கத்தினார் பாய். "ஆளுக்கொரு காலுன்னு எந்தப் புத்திசாலி சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி முந்திக்கொண்டாள். "நான்தான் பாய் சொன்னேன். சீக்கிரம் முடியட்டும்னு." பதினோரு வருடமாக ஒரு பீஸ் திரும்பி வராத கை அவளுடையது. அந்தப் பேரை அப்படியே எடுத்து எனக்காகக் கீழே போட்டுவிட்டாள். பாய் அவள்மேல் இருந்த மரியாதைக்காகக் குரலைத் தணித்தார். "உன் மூஞ்சிக்காக விடறேன். சனிக்கிழம சாயங்காலம் வருவேன். எல்லாம் சரியா இருக்கணும். இல்லன்னா ரெண்டு பேருக்கும் பை கிடையாது." அவர் போனதும் ஓரகத்தி தலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஒரு ஜோடி ஒரு கைக்குத்தான். உன் இடது காலெல்லாம் நான் பிரிச்சித் தைக்கிறேன். ஆனா என் மத்த வேலைங்கள யார் பார்ப்பாங்க? நீதான்."

முதலில் பிரிக்க உதவுகிறேன் என்று பிளேடை எடுத்தேன். முதல் அப்பரிலேயே பிளேடு வழுக்கித் தோலின் ஓரம் கிழிந்தது. "நீ மாவப் போய்ப் பாரும்மா, உனுக்குப் புண்ணியமாப் போவும்" என்று என் கையிலிருந்து பிளேடைப் பிடுங்கிவிட்டாள். கிழிந்ததைப் பிரிக்காமலே ஒரு ஓரமாகப் போட்டாள்.

அந்த இரண்டரை நாளும் நான் பட்ட பாடு இருக்கிறதே! இடுப்பில் குழந்தை, கையில் மாவுக் கரண்டி. அவள் ஒரு கரண்டி போட்டால் வழியாமல் நிற்கும்; நான் போட்டால் பாத்திரத்தின் வெளியே பாதி. கேரியர்களில் மூன்றை ஆள் மாற்றிக் கொடுத்தேன். கருவாட்டுக் குழம்பு போக வேண்டியவருக்கு மோர்க்குழம்பு போயிற்று. அவர் அதையே சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மோர்க்குழம்புக்காரர்தான் மறுநாளும் கருவாட்டுக் குழம்பே கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார். குழந்தைக்கு இதெல்லாம் திருவிழா. தொழிற்சாலை வாசலில் போகிற வருகிறவர்களையெல்லாம் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வந்தார்கள். ஓரகத்தியின் டியூஷன் முறை எளிது. எல்லோரும் சத்தமில்லாமல் படிக்க வேண்டும். படித்து முடித்துப் "புரிஞ்சிடுச்சி" என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால், "அப்போ எனுக்குச் சொல்லிக் குடு" என்பாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாதாகையால் பிள்ளை சரியாகச் சொல்லியே தீர வேண்டும். ஆனால் கணக்கில் மட்டும் பிள்ளையும் மாட்டிக்கொள்ளும், அவளும் மாட்டிக்கொள்வாள். அன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அரையும் காலும் கூட்டத் தெரியாமல் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படிக்குப் போய் ஒரு தோசையை வார்த்துக் கொண்டுவந்து நடுவில் பிய்த்தேன். பிறகு ஒரு பாதியை மறுபடி பிய்த்தேன். "இப்போ இந்த அரையோட இந்தக் கால சேர்த்தா எவ்ளோ?" பன்னிரண்டு தலையும் தோசைமேல் கவிழ்ந்தன. ப்ளஸ் டூ வரை கணக்கு எனக்குப் பிடித்த பாடம். அதை நான் மறந்தே போயிருந்தேன். அன்று ஒரு மணி நேரம் பேசினேன். ஆம்பூருக்கு வந்து இரண்டு வருடத்தில் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. தலை நிமிர்ந்தபோது உள்ளறையில் ஓரகத்தி ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பாய் வந்து முப்பத்தொன்பது ஜோடியையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இது கை!" என்று மட்டும் சொன்னார். கிழிந்த இடதும் அதற்குத் துணையான வலதும் தரையில் கிடந்தன. "இத நீங்களே ஞாபகமா வெச்சிக்கோங்க" என்று காலால் நகர்த்தாமல் கையால் எடுத்துக் கொடுத்துவிட்டு, "சின்னதுக்கும் தனிப் பை வேணுமா?" என்று கேட்டார். ஓரகத்தி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வேணாம் பாய். அதுக்கு நான் வேற வேல குடுத்துட்டேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளையிலேர்ந்து அந்தப் புள்ளைங்க உனுக்கு. நானும் எத்தினி நாளு தெரிஞ்ச மாதிரியே உக்காந்துக்கினு இருக்கறது? ஒரு மாசத்துல ரெட்டிப்பா சேரும் பாரு." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழுதா தோல் நனையும், தள்ளிப் போ" என்று விரட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். குழந்தையின் துணிகளெல்லாம் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஊருக்குப் போகிற துணி ஏன் கொடியில் கிடக்கிறது என்று அம்மா கேட்டாள். "ஊருக்குப் போற துணி இல்லம்மா அது. இங்கயே கிழியப் போற துணி" என்றாள் ஓரகத்தி. அம்மா என்னைத் தனியே இழுத்து, "நான் சொன்ன ஓரகத்தி இவதானா?" என்று காதோரம் கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். டியூஷன் வளர்ந்து வளர்ந்து கணினிக்குள் போய்விட்டது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று. நடுவில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு டைப் செய்து கொடுக்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகள் சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளுக்கு மருதாணி போடப் போகிறாள். மற்ற நேரத்தில் கைபேசியிலேயே அழைப்பிதழ் வரைகிறாள். பெரியம்மாவின் காற்று பட்டவள், வேறெப்படி இருப்பாள்? பெரியம்மாவோ அப்பரை விட்டுவிட்டு ரீசார்ஜ் கடை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பார்சல் என்று வேறு நான்கைப் பிடித்துக்கொண்டாள். வீடு மாறியபோது அந்த ஜோடியை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். அவள் தைத்த வலது எனக்கு, நான் தைத்த இடது அவளுக்கு.

போன வாரம் மருதாணி வேலையாக ஆம்பூர் போன மகள் பெரியம்மா வீட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அடுப்பங்கரையில் தீப்பெட்டி போட்டு வைக்கும் அந்த இடது அப்பரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா அப்போதுதான் முழுக்கதையையும் சொல்லியிருக்க வேண்டும். "பெரிம்மா, பதினோரு வருஷம் தச்சவ நீ. ஆளுக்கொரு காலு தச்சா சேராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா! அப்புறம் ஏங்க்கா சரின்னீங்க?" என்று இங்கிருந்தே கத்தினேன்.

ஓரகத்தி கைபேசியை வாங்கி என்னிடம் பேசாமல் மகளிடமே பேசினாள். "உங்கம்மா வந்து ரெண்டு வருஷத்துல அன்னிக்குதான் கண்ணு மொத மொத வாயத் தொறந்து என்னாண்ட ஒரு யோசன சொல்லிச்சி. மூஞ்சில அவ்ளோ சந்தோஷம். வேணாம்னு சொன்னா திரும்ப மூடிக்கும். தையலாவது பிரிச்சித் தச்சிக்கலாம்." தெருமுனைக்குக் கேட்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். "ஆனா இவ்ளோ லூசா தைக்கும்னு நான் இன்னாத்த கண்டேன்!"

எனக்குக் கண்ணில் நீர், வாயில் சிரிப்பு. எழுந்து ஆணியிலிருந்த வலது அப்பரைக் கழற்றி, பேனாக்களை மேசையில் கொட்டிவிட்டுத் திரையில் தெரிந்த இடதின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்றைக்கும் சேரவில்லை. ஒரு கால் வேலூர் போகிறது, ஒரு கால் பேரணாம்பட்டு போகிறது.